அவள் வரும் வரை

வின்னிபெக். மேடைக்குக் கீழே இசைக்குழி.
நாற்காலியடியில் பனிக்காலணிகள் சொட்டுகின்றன.
முப்பத்தேழாம் பக்கத்தில் நான்கே நான்கு கட்டம்,
மேலே யாரோ பென்சிலில் எழுதியது:
அவள் வரும் வரை.

வேம்ப் என்பார்கள் இதை.
பியானோவில் என் இடக்கை
பூட்டிய கதவைத் தட்டுவதுபோல்
திரும்பத் திரும்ப.
ஆறாவது சுற்று.
ஜிப் சிக்கிக்கொண்டதாம்,
டிரம்ஸ் ஒலெக்ஸா புருவத்தால் சொல்கிறான்.

பதினொன்றில்
முன்வரிசைச் செருப்பொன்று தாளம் போடுகிறது.
இதுதான் பாட்டென்று நம்பிவிட்டார்கள்.
பதினாலில்
நானும்.

மேடை விளிம்பில் ஒரு வெள்ளிக் காலணி.
விசில் இல்லாத கண்டக்டர்
குச்சியை இறக்குகிறார்:
போலாம், ரைட்.

எல்லோரும் ஐந்தாம் கட்டத்துக்கு ஏறிவிட்டார்கள்.
என் சுண்டுவிரல் மட்டும்
பழைய நிறுத்தத்தில்
இன்னொரு தட்டு.