பச்சையை விட்டு வை

மேஸ்திரி சடையன் காலையிலேயே சொல்லிவிடுவார்:
சிவப்பை மட்டும் எடு.
பச்சையில் கை வைத்தால் கூலியில் பிடிப்பு.
ஒரே கிளை, ஒரே கணு,
ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காபிப் பழம்;
ஒன்றுக்கு நாள் வந்துவிட்டது,
மற்றதற்கு வரவில்லை.
விரல் இதைப் படித்துக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

நாகலூர்ப் பக்கம் கார்த்திகை பாதி கடந்தும்
மழை விடாத வருடம் இது.
சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு
பனிக்குள் நிற்கிறோம்.
அடுத்த வரிசைக்காரியின் இருமல் கேட்கிறது,
ஆள் தெரியவில்லை.

திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுவர்த்தியை
உபதேசியார் தாசையன் ஏற்றியபோது
நான் ஜெபிக்கவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
சந்தியாகு சில்வர் ஓக்கிலிருந்து விழுந்தது மாசியில்.
மிளகுக்கொடி அவனோடு சேர்ந்து வந்தது,
ஏணி மட்டும் மரத்திலேயே நின்றது.
சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஏறி,
ஒன்பது தடவை.
ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஊசிமுனையால் பாதத்தைத் தொட்டு
"தெரியுதா?" என்பார்.
அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வான்.

இரண்டாம் ஞாயிறு மழை. கோவிலுக்குப் போகவில்லை.
மழை மட்டும் காரணம் இல்லை.

மூன்றாம் ஞாயிறுக்கு ரோஜா நிற மெழுகுவர்த்தி வேண்டும்.
செவ்வாய்ப்பேட்டை வரை தேடியும் கிடைக்காமல்
வெள்ளை மெழுகின் மேல்
பிள்ளைகளின் கிரேயானை உருக்கி ஊற்றியிருந்தார்கள்.
ரோஜா என்று சொல்ல முடியாது,
புண் ஆறும்போது வருகிற நிறம்.
வாசகம் என் முறை.
பாலைநிலம் பூக்கும் என்பது வரை வாசித்துவிட்டேன்.
அடுத்தது,
கால் விளங்காதவன் துள்ளி எழுவான் என்பது.
பார்த்தேன். தாண்டினேன்.
யாரும் கவனிக்கவில்லை.
தாசையன் மட்டும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னிக்கு என்ன வாசகம்?"
படுத்தபடி கேட்டான்.
பாலை பூக்கும்னு வந்துச்சு.
"அப்புறம்?"
பொங்காத கஞ்சியைப் போய்க் கிண்டினேன்.
"அப்புறம் கால் வருமே" என்றான்.
"பத்து வயசுல நானே வாசிச்சிருக்கேன்.
முழுசாச் சொல்லு."

வருபவரே, நான் எப்படிச் சொன்னேன் என்று
உமக்குத்தான் தெரியும்.
தவணை கேட்டு வந்தவனிடம் பேசுகிற குரலில்.
அவன் சிரித்தான்,
அல்லது தொண்டையைச் சரிசெய்தான்.
"இன்னொரு தரம்."
இரண்டாம் தரம் குரல் கொஞ்சம் இறங்கியது.
மூன்றாம் தரம் இருவருமாகச் சொன்னோம்.
கால்விரல் அசையவில்லை.
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
போர்வைக்குள் கைவிட்டு அதைப் பிடித்தேன், ஜில்லென்றிருந்தது.
சூடேறும் வரை விடவில்லை.

இன்று திங்கள்.
போன வாரம் நான் விட்டுப்போன அதே செடி.
அன்றைய பச்சையில் சில சிவந்துவிட்டன,
சில மஞ்சளில் நிற்கின்றன,
சில அப்படியே, கூழாங்கல் மாதிரி.
அவற்றைப் பொய்க்காய் என்று
இந்தத் தோட்டத்தில் யாரும் சொல்வதில்லை.
திரும்பி வருவோம் என்பதுதான் இங்கே கணக்கு.
நாலு சுற்று. சில வருடம் ஐந்து.

கேட்பதை நிறுத்திவிடுவேன் என்று
நீர் நினைக்க வேண்டாம்.
சத்தமாகவே கேட்பேன்.
ஆனால் அந்த வரியை இனித் தாண்ட மாட்டேன்.
வருகிற ஞாயிறு நாற்காலியோடு அவனைத் தூக்கிவர
நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.
கோவில் கதவு அகலம்தான்,
கூரையைப் பிரிக்க வேண்டியிருக்காது.

கூடை இன்னும் பாதி.
பனிக்குள் அவள் மறுபடி இருமுகிறாள்.
நானும் இருமிக் காட்டுகிறேன்,
இங்கேதான் இருக்கிறேன் என்று.