லீவுக் கடிதம்

செப்டெம்பரில் நான்
கடலுக்கு நீலப் பட்டு உடுத்தியிருந்தேன்.
அலைகளுக்குச் சலங்கை.
நிலாவெளித் தென்னைகள் எல்லாம்
என் கட்டுரையில்
யாருக்கோ கையசைத்தபடி நின்றன.
நாலு பக்கம்.
திரும்பி வந்தபோது ஓரத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும்.
எந்த வரிக்கு என்று தெரியவில்லை.
எல்லாவற்றுக்குமாக இருக்கலாம்.

நான் மூதூர்க்காரி.
தமிழ்த்தினப் போட்டியில்
மூன்று தரம் கிண்ணம் வாங்கினவள்.
கோணேசபுரி விடுதியில், பதினொன்றாம் அறையில்,
அந்தத் தாளைக் கொப்பிக்குள் மடித்து வைத்துவிட்டு
இரண்டு கிழமை ஒன்றும் எழுதவில்லை.
"என்ன எழுதுறாய் மகள்?" என்று
போனில் உம்மா கேட்டபோது
"நோட்ஸ்" என்றேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை,
டவுன் பஸ் நிலையத்தடியில்,
ரொட்டி சுற்றின பேப்பரைத் தின்றுகொண்டிருந்த மான்களில் ஒன்று
என் பைக்குள் தலையை விட்டு
ஒரு கவிதையை இழுத்தெடுத்தது.
'மருண்ட விழி' என்று நான் எழுதியிருந்த பக்கம்.
அது மருளவில்லை.
என்னைப் பார்த்தபடியே மென்றது,
விழுங்கியது,
மற்றப் பக்கத்துக்கும் கழுத்தை நீட்டியது.

நவம்பர்.
வாடை மழைக்கு யன்னல் பலகை ஊதிப்போய்ச்
சாத்த முடியாத இரவு.
பக்கத்துக் கட்டில் டிலோஜினி
நனைந்த குடையோடு வந்து நின்றாள்.
"வோடன் மிஸ்ஸுக்கு ஒரு லீவுக் கடிதம் எழுதித் தா.
நீதானே எழுதுறவள்."
குச்சவெளியில் அவளின் அப்பா
படகை இழுத்தேற்றும்போது விழுந்துவிட்டார்.

நான் தொடங்கினேன்:
கொடிய விதியின் கோரப் பிடியில்

தோளுக்கு மேலால் வாசித்தாள்.
"விதி எல்லாம் வேண்டாமடி.
அப்பாவுக்குக் கால் முறிஞ்சிற்று.
பஸ் அஞ்சு மணிக்கு."

வெட்டினேன். எழுதினேன்.
எனது தந்தைக்குக் கால் முறிந்துள்ளது.
நான் காலை ஐந்து மணி பஸ்ஸில் போக வேண்டும்.

வோடன் மிஸ் வாசித்தா.
பேனை தாளைத் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றது.
"இருட்டுக்குள்ள பஸ்ஸடிக்கு
ஆரோட போவாய் பிள்ளை?"

இரண்டு வரி
ஒரு மனுசியைக் கேள்வி கேட்க வைத்ததை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
என் கொப்பிக்குள் மடிந்து கிடக்கிற
அந்தப் பென்சில் குறியும்
இப்படி ஏதும் கேட்க வந்து
கேட்க ஆளில்லாமல் நின்றதோ
என்னவோ.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம்.
கண்ட இடமெல்லாம் வெட்டினேன்.
பெயரடையை வெட்டினேன், உவமையை வெட்டினேன்,
மழையை வெறும் மழை என்றேன்.
ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்த டிலோஜினி
புதிய கவிதையை வாங்கிப் பார்த்து,
"இது என்ன, கடைக்குப் போற சிட்டையா?" என்றாள்.
அப்பாவின் கட்டில் எல்லோரும் கையெழுத்து வைத்ததையும்
அதில் ஒரு பொடியன் நண்டு கீறியதையும்
சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.
அந்த நண்டு என் சிட்டையில் இல்லை.
எதை விடுவது என்று பழகினேன்,
எதை விடக்கூடாது என்று
இன்னும் இல்லை.

டிசம்பர். நாளை மறுநாள் சோதனை.
உம்மா இடியப்பம் கொடுத்தனுப்பியிருக்கிறா;
லோஞ்ச் ஓடாததால்
மூதூர் இறங்குதுறையில் யாரின் கையிலோ
அது புளித்துக்கொண்டிருக்கும்.
நான் அந்தப் பழைய நாலு பக்கத்தை விரித்து
'நீலம்' என்பதை மட்டும் வெட்டியிருக்கிறேன்.

கொட்டியாரக் குடாவில் இந்த மாதம்
கடல் நீலமே இல்லை.
மகாவலி கொண்டுவந்து கொட்டும் மண்,
தேத்தண்ணி நிறம்,
நடுவில் வேரோடு ஒரு மரம்.
இருபத்தொரு வருசம்
வீட்டு வாசலிலிருந்து அதைத்தான் பார்த்தேன்.
ஒரு தரமாவது
எழுதவில்லை.