காரணம் என்ற கட்டம்

பாயான் லெப்பாஸில் ஏழு மணி என்றால்
ஏழு மணிதான்.
ஏழு ஒன்றுக்கு விரல் வைத்தால்
என் பெயரும் சிவப்பில்தான் விழும்.
பத்தொன்பது பேருக்கு நான் லைன் லீடர்.
தாமதப் பாரத்தில் நான்கு கட்டம்:
பெயர், எண், நிமிடம், காரணம்.

அந்த நான்காவதை வாங்கி வாங்கி
பத்தொன்பது வீட்டின் உட்புறமும்
எனக்கு அத்துப்படி.
யார் புருஷன் மோட்டாரை எடுத்துக்கொண்டு போனான்,
யார் குழாயில் தண்ணீர் நின்றது,
யார் பிள்ளை விடியற்காலையில் வாந்தி எடுத்தது.

தவமலர் பிறையிலிருந்து வருகிறாள்.
தாஸ்கா ஆறரைக்குத்தான் கதவைத் திறக்கும்.
தூங்கும் மகளைக் கைமாற்றிவிட்டுப்
பாலம் தாண்டி ஏழுக்கு விரல் வைக்க
கடல் கொஞ்சம் சுருங்கிக் கொடுக்க வேண்டும்.
அந்த மாதம் அவள் நிமிடங்கள்:
நான்கு, ஒன்பது, ஆறு, எட்டு.
நாலு நம்பர் கடையில் எழுதியிருந்தால்
விழுந்தாலும் விழுந்திருக்கும்.
இங்கே விழுந்தது எச்சரிக்கைக் கடிதம்.

ஒரு மனு எழுதினேன்.
பிள்ளை பெற்றவர்களுக்குப்
பதினைந்து நிமிடம் சலுகை.
கக் ரொஸ்னா படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.
சியூ லிங் படித்தாள்.
மடித்துத் திருப்பித் தந்தாள்.

"அவள் வரும்வரை அவள் மைக்ரோஸ்கோப்பிலும்
என் கண்தான்," என்றாள் மலாயில்,
குரலை உயர்த்தாமல்.
"எட்டு வருஷம்.
தீபாவளிக்கு நான், ராயாவுக்கு நான்,
பள்ளி திறக்கும் நாளுக்கும் நான்.
பெறாதவளின் சாயங்காலம்
யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிற
பொதுக்குடையா?"

வாயைத் திறந்தேன்.
முகமூடிக்குள் என் மூச்சே
எனக்குத் திரும்பி வந்தது.

நான் மட்டும் என்ன.
என் மகன் காய்ச்சலில் கிடந்த வருஷம்
எனக்கு வயிற்றுவலி என்று மூன்று எம்சி வாங்கினேன்.
டாக்டர் வயிற்றைத் தொடவே இல்லை.
பிள்ளை உடம்புக்குத்
தாய் பெயரில் சீட்டு எழுத முடியாது என்று
அவருக்கும் தெரியும்.
காரணக் கட்டத்தில் நான் எழுதிய பொய்
இன்னும் ஏதோ ஒரு கோப்பில்
நல்ல கையெழுத்தில் இருக்கிறது.

மனுவைக் கிழித்து வேறு எழுதினேன்:
மாதம் அறுபது நிமிடம்,
எல்லாருக்கும்.
ஏன் என்று கேட்கக் கூடாது.

மேனேஜர் பேனா
நான்காவது கட்டத்தின் மேலேயே நின்றது.
"காரணம் இல்லாமல் எப்படி?"
"இருக்கும் சார். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்."
வெகுநேரம் ஏர்கானைப் பார்த்தார்.
"மூன்று மாதம் பார்ப்போம்."

முதலில் எடுத்தது சியூ லிங்.
ஒரு வியாழக்கிழமை, இருபத்திரண்டு நிமிடம்.
என் நாக்கு 'ஏன்' வரை போய்த் திரும்பியது.
லாக்கரில் அவள் கழற்றி வைத்த செருப்பில்
ஈர மணல்.
நான் பார்க்கவில்லை
என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தவமலருக்கு அறுபதும்
ஒன்பதாம் தேதியே தீர்ந்தது.
பாலத்தில் ஒரு லாரி படுத்துவிட்டது,
அதற்கே முப்பத்தெட்டு.
பதினான்காம் தேதி தாஸ்காவிலிருந்து போன்:
பிள்ளைகளுக்குக் கை கால் வாய் நோய்,
பத்து நாள் பூட்டு.
பத்து நாளை அறுபது நிமிடத்துக்குள் மடித்து வைக்க
எந்தத் தாளிலும் இடமில்லை.

இரண்டாவது கடிதம்
என் கையெழுத்துக்கு வந்திருக்கிறது.
கையுறைப் பெட்டிக்கு அடியில்
நேற்றிலிருந்து கிடக்கிறது.

ஓய்வு நேரத்தில் சியூ லிங்கிடம் கேட்டேன்.
இதற்கு முன் அவளிடம் கேட்டதில்லை,
பெயரை எழுதிவிடுவதுதான் வழக்கம்.
மைலோவை ஊதி ஊதிக் குடித்தாள்.
"இரண்டு நாள் மாற்றிக்கொள்கிறேன்.
இரண்டுதான்."

இரண்டு என்று குறித்துக்கொண்டேன்.
கக் ரொஸ்னாவிடம் இன்னும் கேட்கவில்லை.
மீதி எட்டு நாள்
கையுறைப் பெட்டிக்கு அடியில்.