நூற்றுப் பதின்மூன்று

வேலூர். மே மாத இரவு, இரண்டேகால்.
ஏசி இயந்திரத்துக்குத்தான், எனக்கில்லை.

தேவகிருபை, 52, பேரணாம்பட்டு.
சோடியம்: 113.

நம்பவில்லை.
டிரிப் ஓடும் கையிலேயே குத்தியிருப்பார்கள் என்று
வார்டுக்குப் போன் போட்டேன்.
"இல்லண்ணா, வேற கையிலதான் எடுத்தேன்" என்றாள் எப்சிபா.
"பெத்த மகனை மேஸ்திரின்னு கூப்பிடுது.
தோல் உதறணும், வுடுங்கன்னு அடம்."

கன்ட்ரோல் ஓட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.
மறுபடியும் அதே குழாய்.
113.

பதினாறு வருஷம் தோல் ஷெட்டில்
பச்சைத்தோலின் உப்பை உதறியவள்.
புருவத்தில் உப்பு, கைவெடிப்பில் உப்பு,
பாலாற்று மணலுக்கடியில் இறங்கி
வீட்டுக் கிணற்றில் ஏறிய உப்பு.
அதற்குப் பயந்துதான் கேன் தண்ணீர் வாங்கி
வெயில் முழுக்கக் குடித்திருக்கிறாள்.
இரத்தத்தில் மட்டும் இல்லை.

எண்ணைச் சொன்னேன்.
எப்சிபா திருப்பிச் சொன்னாள்.
நேரம் போட்டு எழுதிக்கொண்டோம்.

ஒரேயடியாய் ஏற்றக் கூடாது, மூளை தாங்காது.
சொட்டுச் சொட்டாய்த்தான்.

ஆறு மணிக்கு அடுத்த குழாய் வந்தது.
115.
பெயர் கேட்டதற்குத் தன் பெயரையே சொன்னாளாம்.

கேன்டீனில் யாரோ
பொங்கலில் உப்பில்லை என்று கத்திக்கொண்டிருந்தார்.
கிண்ணத்தை அவர் பக்கம்
மெதுவாகத் தள்ளினேன்.