பிற குறிப்புகள்

உயிருடன். இறந்தது. காணவில்லை.
படிவத்தில் மூன்றே கட்டம்.
ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் 'பிற குறிப்புகள்'.
கன்றுக்கு இருபது காசு கூலி எனக்கு.
செத்ததற்கும் அதே இருபதுதான்.

தெலுக் ஆயர் தாவார்.
தமிழில் சொன்னால் நன்னீர் வளைகுடா.
காலை ஏழுக்கு வற்றம்,
சே மாட்டின் படகு சேற்றில் வயிறு வைத்துப் படுத்துவிட்டது.
இறங்கினேன்.
பாதம் தரையைத் தேடுகிறது,
தரை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்கிறது.

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை
கரையில் கூடாரம் இருந்தது.
ஒரே பச்சையில் முந்நூறு டீ-சட்டை,
பொட்டலம் பொட்டலமாய் நாசி லெமாக்.
புதுச் சப்பாத்துப் பெருந்தகை ஒருவர்
பலகைமேல் நின்றபடி
பாக்காவ் கன்றொன்றைச் சேற்றில் செருகினார்.
படம் சரியாக விழவில்லையென்று
பிடுங்கி மறுபடி செருகினார்.
அது எண் ஒன்று.
காணவில்லை.

கண்டல் நிற்கிற இடமே இல்லை இது.
கண்டல் நின்ற இடம் அதோ, வேலிக்கு அப்பால்:
கிடங்குகள், சரக்கு லாரிகள்,
விடியவிடிய எரியும் வெள்ளை விளக்கு.
நாலு மாதம் செம்மண் வந்துகொண்டே இருந்தது.
அங்கே மலை போனது, இங்கே சேறு போனது,
மிச்சம் ஒரு சமதளம்.
அதற்கு ஈடுதான் இந்த ஆயிரம் குச்சி,
அலைக்கு நேரே, திறந்த சேற்றில்,
காலைச் சபைக்கு நிறுத்திய பிள்ளைகள் மாதிரி.

பனிநாட்டிலிருந்து பறந்து வந்து
இந்தச் சேற்றில்தான் அலகு நுழைக்கும் உள்ளான்கள்.
குச்சிகளைச் சுற்றி ஒருமுறை வட்டமிட்டு
எங்கோ போய்விட்டன.
எங்கே என்று எழுதக் கட்டமில்லை.
பறவை எண்ண வேறு ஆள், வேறு நிதி.

பதினொன்று உயிருடன்.
பன்னிரண்டும் பதின்மூன்றும் கொட்டலசு மூடி மூச்சடைத்தவை.
பதினான்கு உயிருடன்போல இருந்தது.
பட்டையை நகத்தால் கீறினேன். பச்சை இல்லை.
நூற்றெண்பதுக்குப் பிறகு ஒரு வரிசை முழுக்க வெறும் மூங்கில்,
ஒரு மூங்கிலில் சிக்கிய பிளாஸ்டிக் பை,
அதில் ஏதோ கடையின் 'தெரிமா காசே'.

மதியம் நீர் ஏறியது.
சே மாட் நேரே துறைக்குத் திரும்பவில்லை.
கிடங்குகளின் முதுகுப்புறம், பழைய வாய்க்காலில் படகை விட்டார்.
அங்கே ஒரு மதகு.
நாலு பலகை இருக்கவேண்டியதில் மூன்றுதான்.
"யாரோ கழற்றியிருக்கிறார்கள்."
"யாரோ," என்றார்.
அவர் உட்கார்ந்திருந்த பலகை
பாசியேறிக் கறுத்திருந்தது.

சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே
நிரப்ப மறந்த ஒரு துண்டு.
அதில் யாரும் நடாத வெண்கண்டல்,
முழங்கால் உயரம், இடுப்புயரம்,
வரிசையென்றால் என்னவென்றே தெரியாமல்.
சேற்றைத் துளைத்து நிற்கும் மூச்சுவேர்கள்.
ஒற்றைப் பெருங்கை நண்டு அதை ஆட்டுகிறது,
போ என்கிறதா வா என்கிறதா தெரியவில்லை.
ஆப்பி-ஆப்பி என்பார் சே மாட் இந்த மரத்தை. தீ, தீ.
மின்மினி வந்து அடையுமாம்.
இந்த விளக்கு வெளிச்சத்தில் எந்த மின்மினி
தன்னைக் காட்டிக்கொள்ளும்?

"மொத்தம் எத்தனை?"
"ஆயிரத்துக்கு இருநூற்றுப் பதினொன்று."
"இதையும் சேர்த்தா?"

பேனா ஈரத்தாளில் வழுக்கியது. பென்சில் எடுத்தேன்.
சேர்த்தால் கூடாரம் வரும்,
பெயர்ப்பலகை வரும், பலகையைப் பார்த்து
இது இன்னும் நிரப்பாத நிலமென்று ஒருவருக்கு நினைவு வரும்.
சேர்க்காவிட்டால்,
லாரி வருகிற அன்று
இங்கே எதுவும் இருந்ததில்லை.

சே மாட் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.
விடுபட்ட பலகை வழியே
நீர் அவசரமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது,
இரண்டு மூன்று விதைகளைத் தோளில் வைத்துக்கொண்டு.

ஒரு விரல் அகலத்தில் எழுதினேன்:
'தண்ணீர் வந்துபோகிறது.'

எங்கே என்று புவான் ரோஸ்னா கேட்பார்.
திங்கட்கிழமைதானே கேட்பார்.
அதற்குள் மூன்று ஏற்றம் இருக்கிறது.