வரிசை 612

ஜனவரிப் பனியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது,
மவுஸைப் பிடிக்க முடியவில்லை.
அதனால்தான் மேக்ரோ எழுதினேன்.
சோம்பேறித்தனம் என்கிறார்கள் மாவட்ட அலுவலகத்தில்.
சொல்லட்டும்.

செம்மறிகளின் காதுக்குறிப் பதிவேடு:
ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரிசை, ஐந்து பத்தி.
பண்ணை, உரிமையாளர், வலக்காது, இடக்காது, குறிப்பு.
நுனி வெட்டு. பின்புறம் கீறல். நடுவில் பிளவு.
ஐஸ்லாந்தின் இந்த மூலையில்
எந்த ஆடு யாருடையது என்று சொல்வது
கத்தி எடுத்துக்கொண்டு போன துண்டு.

இடக்கையில் இரண்டு விரல் போதும்:
ஒரு பண்ணையின் வலக்காதிலிருந்து
அடுத்த பண்ணையின் வலக்காதுக்கு.
கர்சர் வேலி தாண்டும், ஆறு தாண்டும்,
தபால் வண்டி போகாத ஹ்ராப்னாஸ்கால் வரை
காப்பி ஆறுமுன் போய்வரும்.

அறுநூற்றுப் பன்னிரண்டில் நின்றது.
'செங்குத்தாக இணைத்த கட்டங்கள் உள்ளன;
தனித்தனி வரிசைகளை அணுக இயலாது.'

எய்விந்துர், ஸ்னைப்யோர்ன். அண்ணன் தம்பி.
பேச்சு நின்று பதினோரு வருடம்.
நிலத்தைப் பிரித்தார்கள், டிராக்டரை விற்றுப் பிரித்தார்கள்.
அப்பாவின் குறியை மட்டும்
எனக்கு முன் இங்கே உட்கார்ந்திருந்த எவரோ
ஒரே கட்டமாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

போன் செய்தேன்.
'அவனைக் கேள்' என்றார் ஒருவர்.
'ஆட்டைக் கேள்' என்றார் மற்றவர்.

பிரிக்க ஒரு கட்டளைதான்.
பிரித்தால் ஒரே குறிக்கு இரண்டு வரிசை, விதி ஒப்பாது;
யாராவது ஒருவர் அப்பாவை விட்டுக்கொடுக்க வேண்டும்.

மேக்ரோவில் ஒரு வரி சேர்த்தேன்:
பிழை வந்தால் அடுத்ததற்குப் போ.
போனது. அறுநூற்றுப் பதின்மூன்று
ஒன்றும் கேட்கவில்லை.
அன்றிரவு முழுக்க மாவுக்கட்டுக்குள் அரிப்பு.

செப்டம்பரில் மலையிலிருந்து மந்தை இறங்கியது.
பிரிக்கிற பட்டி வட்டமானது:
நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள், அறைக்கொரு கதவு,
என் அட்டவணையை யாரோ சுருட்டி
முனையோடு முனை தைத்த மாதிரி.
காதைத் தடவிப் பார்க்கிற கட்டைவிரல்கள்.

இருவரும் ஒரே அறைக்குத்தான் இழுத்து வந்தார்கள்.
எய்விந்துர் 'ஒன்று' என்றார், ஆட்டிடம்.
ஸ்னைப்யோர்ன் 'இரண்டு' என்றார், கதவிடம்.
மூன்று. நான்கு.
மழை பிடித்துக்கொண்டது.
எண்பத்தேழா எண்பத்தெட்டா என்று சண்டை வந்தபோது
பதினோரு வருடத்துக்கும் சேர்த்துக் கத்தினார்கள்.

குறிப்புப் பத்தியில் இதை எழுத முடியாது.
தாண்டச் சொன்ன வரியை அழித்துவிட்டேன்.
ஒவ்வொரு முறையும் அங்கே நிற்கிறது.
கையால் தாண்டுகிறேன்.