கோடு வளைகிறதா

எங்கள் பொறுப்பில் இருந்தவை
இருநூற்றுப் பதினான்கு கண்கள்.
ஆட்களாக எண்ணினால் கணக்குத் தப்பும்;
சிலருக்கு ஒரு கண்தான் மிச்சம்.
நான்கு வாரத்துக்கு ஓர் ஊசி.
தள்ளிப்போனால் விழித்திரையின் நடுவில் இரத்தம் கசியும்.
போன பார்வை அநேகமாகத் திரும்பாது.

மார்ச் மாதம், லூகோ நகரம், மழை.
ரோமானியர் கட்டிய மதில்மேல்
ஓர் ஆள் நடமாட்டமில்லை.
டாக்டர் இரியா சொன்னார்:
"ஒரு நாளைக்குப் பத்துப் பேர்.
அதற்குமேல் இந்த அறையில் காற்றில்லை."
காற்று என்றால்
ஒருவர் போய் இன்னொருவர் வரும்வரை
ஜன்னல் திறந்திருக்கும் இருபது நிமிடம்.
அந்தப் பத்துப் பேர் யார் என்பது
என் வேலை.

நான் வைத்தியம் படித்தவள் இல்லை.
சம்பளப் பட்டியல், காப்பீட்டுக் கடிதம், வாடகை பாக்கி,
காபி இயந்திரம் ஏன் ஒழுகுகிறது,
இவ்வளவுதான் நான்.

கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் மொஸ்கேரா
பதினொரு முகக்கவசம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்.
எவ்வளவு உலர்த்தியும் வார்னிஷ் வாடை போகவில்லை.
டாக்டர் மூச்சுக்கும் நோயாளி மூச்சுக்கும் நடுவே
ஒரு பழைய எக்ஸ்ரே தகட்டை மாட்டினோம்,
யாருடையதோ விலா எலும்புகள் மறையும்வரை
ப்ளீச்சில் ஊறவைத்து.
வரவேற்பு மேசைக்கு வேலையில்லை என்று
ப்ரெய்ஷோவை வீட்டுக்கு அனுப்பினேன்.
கைகுலுக்கக் கூடாதே,
ஸ்டேப்ளரை என்னிடம் நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.

பிறகு போன்.
காலை எட்டிலிருந்து போன்.

"உங்கள் சமையலறைச் சுவரைப் பாருங்கள்.
ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.
இல்லை, நல்ல கண்ணை மூடுங்கள்.
டைல்ஸ் நடுவே ஓடும் கோடு நேராக இருக்கிறதா,
எங்காவது வளைகிறதா?"

ஒப்தூலியா வீட்டில் டைல்ஸ் இல்லை.
ஜன்னல் கம்பியைப் பார்த்தாள்.
"வளைந்துதான் இருக்கு.
ஆனா இது என் புருஷன் வெச்ச கம்பி.
அவர் வெச்சது எது நேரா நின்றிருக்கு?"
எதற்கும் இருக்கட்டும் என்று
வியாழக்கிழமை கொடுத்தேன்.

எலாடியோ முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்.
"நேராத்தான் இருக்கு, மகளே. நூல் பிடிச்ச மாதிரி."
ஏப்ரலில் கேட்டேன், நேர்.
ஏப்ரல் கடைசியில், நேர்.
மே மாதம், நேர்.
அவர் பெயருக்கு எதிரே பச்சை நிறம் பூசி
"பொறுக்கலாம்" என்று எழுதினேன்.
இப்படி நாலு பேர் இருந்தால் போதும்
என்றுகூட நினைத்தேன்.

ஜூனில் வந்தார்.
கதவைத் தடவி வந்தார்.
டாக்டர் திரையை என் பக்கம் திருப்பவில்லை,
திருப்பியிருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது.
உஷியா ஊசித் தட்டை
மூடியபடியே திரும்ப எடுத்துப் போனதைத்தான் பார்த்தேன்.

"என்னைத் தெரிகிறதா?"
"உன் காது ரெண்டும் தெரியுது.
தோடு போட்டிருக்கே."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே:
"ரெண்டாவது தடவை நீ கூப்பிட்டப்பவே
கோடு வளைஞ்சுடுச்சு.
பத்து இடத்துக்குப் பதினேழு பேர்னு
நீதானே சொன்னே.
உன் குரல் அன்னிக்கு என்னவோ போல இருந்தது.
நின்னுட்டு வர்றவங்களுக்கு
இடம் விட்டுத்தானே பழக்கம்."

சொன்னேனா?
சொல்லியிருப்பேன்.

வருடக் கணக்கு முடிந்தது.
யாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை,
வாடகை ஆறு தவணையில் தீர்ந்தது.
ப்ரெய்ஷோ திரும்பி வந்ததும்
முதலில் ஸ்டேப்ளரைக் கேட்டான்.
தணிக்கைக்கு வந்தவர்
நிர்வாகம் கச்சிதம் என்று எழுதிப் போனார்.
அந்தப் பச்சைக் கட்டத்தை நான் மாற்றவில்லை,
அழிக்கவுமில்லை.

இப்போதும் காலை எட்டு மணிக்குப் போன் செய்கிறேன்.
"வளைகிறதா" என்று யாரையும் கேட்பதில்லை.
"எத்தனை கோடு வளைகிறது?"
என்று கேட்கிறேன்.
சிலர் உடனே சொல்லிவிடுகிறார்கள்.
சிலர்
எண்ண ஆரம்பிக்கிறார்கள்.